பழசைப் புதுசாக்கும் நேரம்

துருப்பிடித்த தராசு ஒன்றை டிவியில் அந்தத் தாடிக்காரன் மேசைமேல் தூக்கி வைத்து, மோந்து பார்க்கிறவன் மாதிரி முகத்தைக் கிட்டக் கொண்டுபோனான். "அடடா, என்ன அழகு! எத்தனை காலத்துப் பொருள் இது!" என்றது தமிழ்க் குரல். வெள்ளைக்காரன் வாயை மூடிய பிறகும் அந்தக் குரல் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. அழகாமே, அழகு. தங்கபுஷ்பம் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். இதே தராசைத் தூத்துக்குடியில் வாசலில் போட்டால் பழைய இரும்பு வாங்குகிறவன்கூட வண்டியை நிறுத்த மாட்டான், நிறுத்தினாலும் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். ஆனால் பார்க்காமல் இருக்க முடிகிறதா? மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்ததும் கால் தன்னால் இந்த நாற்காலிக்கு வந்துவிடுகிறது. பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவள் வீட்டுக்காரர் லிங்கதுரை. ஆடி மாதம் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சரிந்தார். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சு போயிற்று. புத்தி போகவில்லை, நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும், திருப்பிச் சொல்லத்தான் வாய் வராது என்று பெரிய டாக்டர் சொன்னார். இப்போது மார்கழி. கருப்பட்டிக் காப்பியை இடது கையால் பிடித்துக் குடிக்கிறேன் என்று பாதியை வேட்டியிலும் காலிலும் கொட்டிவிட்டு, டிவியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். துடைத்துவிட வேண்டும். தாடிக்காரன் தராசைக் கழற்ற ஆரம்பிக்கட்டும், விளம்பரம் வரட்டும், துடைக்கலாம்.

மகள் சுகந்தி பெங்களூரிலிருந்து போனில் கேட்பாள், "எவனோ ஒருத்தன் ஓட்டை ஒடசலத் தேய்ச்சிக்கிட்டு இருக்கான், அதப் போயி ரெண்டு பேரும் வாயப் பொளந்து பாக்கியளே, அப்படி என்னம்மா இருக்கு அதுல?" என்னதான் இருக்கிறது? தங்கபுஷ்பமும் யோசித்துப் பார்த்திருக்கிறாள். சீரியல் போட்டால் ஒருத்தி பாலில் எதையாவது கலக்குகிறாள், இன்னொருத்தி கதவுக்குப் பின்னால் நின்று முழிக்கிறாள். செய்தி போட்டால் நாலு பேர் நாலு கட்டத்துக்குள் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். இதில் அந்தத் தொல்லை கிடையாது. ஒரு ஆள், ஒரு மேசை, ஒரு உடைந்த சாமான். அந்தச் சாமான் யாருடைய வீட்டில் கிடந்தது, யார் கையில் தேய்ந்தது, அந்த வீட்டில் யார் யாரைப் படுத்தி எடுத்தார்கள், ஒன்றும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கழற்றுகிறான், ஊறப்போடுகிறான், தேய்க்கிறான், மாட்டுகிறான். முடிந்தது. எல்லாம் கழன்று வரும், எல்லாம் திரும்பிப் பொருந்தும். ஒரு நாளாவது ஒரு திருகாணி மிச்சமாகிப் போகக் கூடாதா என்று அவளுக்கு ஆசைதான், போவதே இல்லை. அதோ, இன்றைக்கும் ஒரு திருகாணி பிடிவாதம் பிடிக்கிறது. தாடிக்காரன் எண்ணெய் விட்டான். காத்திருந்தான். போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தான். மறுபடி திருப்புளியை வைத்து, குழந்தை காதில் தோடு போடுகிற மாதிரி மெள்ளத் திருப்பினான். அது வந்தது. அவன் அதை ஏசவில்லை. இத்தனை நாளாகப் பார்க்கிறாள், அவன் ஒரு திருகாணியைக்கூட ஏசியதில்லை. சுகந்திக்குச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். சொன்னால், "ஏன் ஏசணும்?" என்று கேட்பாள். அவள் வளர்ந்த வீட்டில் அவளை யாரும் ஏசியதில்லையே, அவளுக்கு எங்கே தெரியும்.

இவராக இருந்தால் இந்நேரம் திருகாணியைப் பெற்ற ஆத்தாள் வரைக்கும் போயிருப்பார். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். எவர்சில்வர் பளபளவென்று முன்னால் தொங்கும். பின்கட்டில் எடைக்கு வந்த பழைய பித்தளையும் வெண்கலமும் குவிந்து கிடக்கும். பழசைக் கொடுத்துப் புதுசை வாங்கிக்கொண்டு ஜனங்கள் சிரித்த முகமாகப் போவார்கள். அந்தப் பழசில் உருப்படியானதை எடுத்து, ஒடுக்கெடுத்து, புளி போட்டுத் தேய்த்து, அதற்கும் மேல் மெஷினில் கொடுத்து மெருகேற்றி, புதுப் பானை என்று விற்றுவிடுவார். விளிம்பில் வெட்டியிருக்கிற பேரை அரம் போட்டு ராவிவிட வேண்டும், அது ஒன்றுதான் வேலை. பேச்சியம்மாள், இசக்கியம்மாள், யாராவது ஒருத்தி கலியாணத்துக்குச் சீராக வந்த குடம். நாலு இழுப்பில் பேச்சியம்மாள் தூளாகிக் கீழே விழுந்துவிடுவாள். வாங்க வருகிறவள் பேர் அந்த இடத்தில் ஏறும். பேர் வெட்டுகிற மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, "பேரச் சொல்லுங்கம்மா, நல்லா சத்தமாச் சொல்லுங்க, மொத எழுத்து என்ன?" என்று அவர் கேட்கிற பதவிசைப் பார்க்க வேண்டுமே. தேன் ஒழுகும். ஊரிலுள்ள பொம்பளைகள் பேரெல்லாம் அவர் வாயில் வந்து போயிருக்கிறது. கட்டின பெண்டாட்டி பேர் ஒரு தடவை வந்ததில்லை. அவள் கொண்டுவந்த பாத்திரங்களில் 'தங்கபுஷ்பம்' என்று கொட்டை எழுத்தில் வெட்டித்தான் அவள் அப்பா அனுப்பினார். அதனால் தெரியாமல் இருக்க நியாயமில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அந்தத் தெருவில் எந்த ஆம்பளை பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான், இவர் மட்டும் கூப்பிடுவதற்கு? "ஏட்டி" என்றால் ஏட்டி. அதில் அவளுக்குக் குறை ஒன்றும் கிடையாது. ஏட்டியோடு நின்றிருந்தால்.

திரையில் தராசின் தட்டு ஒரு தொட்டிக்குள் இறங்கியது. தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது, என்ன மருந்தோ, துரு நுரைத்துக்கொண்டு கிளம்புகிறது. 'சவத்து மூதி.' அவள் நினைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, தன்னால் வந்தது. துரு கிளம்பும்போதெல்லாம் வந்துவிடுகிறது. ஏட்டிக்கு அடுத்து அதுதான் வரும். 'சவத்து' என்று ஒரு இழு இழுத்து, மூச்சைப் பிடித்து, அவள் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் காத்திருந்து, 'மூதி' என்று முகத்தில் போடுவார். சோறு குழைந்தால் அது. சாவி காணாமல் போனால் அது. மழை பெய்து கடையில் கூட்டம் இல்லாவிட்டாலும் அதுதான், மழையை அவளா பெய்ய வைத்தாள்? ஒருநாள் கடையில் தட்டு அடுக்கு சரிந்து விழுந்து பஜாரே திரும்பிப் பார்த்தது. சரித்தது கடைப் பையன். ஏச்சு, தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுபோய் நின்ற அவளுக்கு. சாமான் வாங்க வந்திருந்த பொம்பளை ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு குக்கர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கை நீட்டியதில்லை, அதையும் சொல்ல வேண்டும். அடிக்கவா செய்தான், வாய்தானே, என்று அவள் அம்மா கேட்டாள். சாகிற வரைக்கும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். வாய்தான். ஆனால் சாயங்காலம் தெருமுனையில் அவர் பைக் சத்தம் கேட்டதும் அவள் வயிறு ஒரு பிடி பிடிக்கும், துணி பிழிகிற மாதிரி. இரைப்பையில் புண் என்று மாத்திரை தின்றாள். மாத்திரை கேட்கவில்லை. ஆடி மாதத்துக்கப்புறம் அந்த வலி வரவில்லை. டாக்டரிடம் சொல்லவுமில்லை, என்னவென்று சொல்வது?

விளம்பரம் வந்தது. சோப்பு, அப்புறம் இன்னொரு சோப்பு. துடைக்க வேண்டும் என்று நினைத்தாள், எழுந்திருக்க மனம் வரவில்லை. நாற்காலிக்கும் அவளுக்கும் இப்போதுதான் ஒரு ஒட்டுதல் ஏற்பட்டிருக்கிறது. கலியாணம் ஆனதிலிருந்து பகலில் கால் நீட்டி உட்கார்ந்தவளா அவள்? அவர் விழுந்த பிறகு இந்த வீடு எப்படி ஆகிவிட்டது! தாளிக்கும்போது பாடுகிறாள். வெந்தயக்குழம்பு வைக்கிறாள், அவருக்கு ஆகாத வெந்தயக்குழம்பு. இப்போது வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிறார். சமயத்தில் இடது கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொள்கிறார். முந்தாநாள் அவள் குனிந்து அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டபோது, அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார். கை நடுங்கி, முடி கண்ணுக்குள் போய்விட்டது. அதனாலென்ன. சந்தோஷமாக இருந்தாள். இதை யாரிடமாவது சொல்ல முடியுமா? புருஷன் பேச்சில்லாமல் கிடக்கிறான், இவள் சந்தோஷமாக இருக்கிறாளாம், கோட்டிக்காரி என்பார்கள். அதைவிட மோசமாகவும் சொல்வார்கள். கோயிலில் பார்க்கிறவர்கள், "அவருக்குப் பேச்சு வரணும்னு வேண்டிக்கிடுதேன் புஷ்பம்," என்கிறார்கள். இவளும் வேண்டிக்கொள்கிறாள், சாமி முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு. என்ன வேண்டினோம் என்று வெளியே வந்து செருப்பை மாட்டும்போது யோசித்தால், ஒன்றும் வேண்டவில்லை என்று தெரியும். கண்ணைச் சும்மா மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

மெர்லின் என்று ஒரு பெண் வருகிறாள், பேச்சுப் பயிற்சி கொடுக்க. கல்யாணம் ஆகாத சின்னப் பெண், ஸ்கூட்டரில் வந்து இறங்குவாள், வாய் நிறைய 'அம்மா, அம்மா' என்பாள். வந்த முதல் நாளே கேட்டாள். "அம்மா, இந்த மாதிரி ஆனவங்களுக்குப் புது வார்த்தை ஒண்ணும் வராது. ஆனா வருஷக்கணக்கா சொல்லிச் சொல்லி நாக்குல பழகின வார்த்தை இருக்கும் பாத்திங்களா, அது அவங்கள அறியாமலே வந்துரும். சாமி பேரா இருக்கலாம், பாட்டா இருக்கலாம். கெட்ட வார்த்தையாக்கூட இருக்கலாம், கூச்சப்படாதீங்க. நீங்க பாதியைச் சொல்லி நிப்பாட்டணும். மீதிய அவர் முடிப்பார். அப்படி ஒண்ணு வந்துட்டா அதப் பிடிச்சே அடுத்தது அடுத்ததுன்னு இழுத்துரலாம். ஐயா ஒங்கள வீட்ல எப்படிக் கூப்பிடுவாங்க?" தங்கபுஷ்பம் அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தது. என்ன சொல்வாள்? "பேரச் சொல்லித்தாம்மா. புஷ்பம்னு கூப்பிடுவாக." வாய்க்கு எப்படித்தான் வந்ததோ. "ஸோ ஸ்வீட்," என்றாள் மெர்லின். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். புரிந்துவிட்டது அவருக்கு. அன்றிலிருந்து வாரா வாரம் அந்தப் பெண் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, "ஐயா, பு... பு... அம்மா பேரு என்ன? பு..." என்று உதட்டைக் குவித்துக் காட்டுகிறாள். அவரும் குவிக்கிறார். காற்று வருகிறது. எச்சில் வருகிறது. இல்லாத வார்த்தை எங்கேயிருந்து வரும்? வராது என்று தெரிந்தவர்கள் அந்த அறையில் இரண்டு பேர். தெரியாத அந்தப் பெண்தான் பாவம், தன் வேலையில்தான் ஏதோ குறை என்று முகம் வாடிப் போகிறாள்.

பயிற்சி தினமும் செய்ய வேண்டும், மதியம் சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம், ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து. அந்த அரைமணியில்தான் இந்தத் தாடிக்காரன் வருகிறான். போன வாரம் மெர்லின் கிளம்பும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "அம்மா, ஆறு மாசத்துக்குள்ள வர்றதுதான் நல்லா வரும். அதுக்கு மேல போச்சுன்னா நாக்கு அப்படியே பழகிப்போயிரும். அப்புறம் ரொம்பக் கஷ்டம். தினமும் செய்றீங்கதான?" "செய்யாம பின்ன?" என்றாள் தங்கபுஷ்பம். சுகந்தி ராத்திரியில் போன் பேசும்போது அழுகிறாள். "அப்பா பழைய வாய்ஸ் மெசேஜப் போட்டுப் போட்டுக் கேக்கேம்மா. 'பாப்பா, சாப்ட்டியா?'ங்கும்போதே நெஞ்சு அடைச்சிருது." மகளுக்கு அந்தக் குரல் பாப்பா. இவளுக்கு அந்தக் குரல் வேறு. ஒரே தொண்டையிலிருந்துதான் ரெண்டும் வந்தது, ஒன்றை மட்டும் கழற்றி எடுத்துத் தேய்த்து மாட்ட முடியுமா? அவளுக்குத் தெரிந்துதான் இருக்கிறது என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று. தினமும் மதியம் டிவியைப் போட்டுவிட்டு, மனுஷர் வாயை மெள்ள மெள்ளப் பூட்டிக்கொண்டிருக்கிறாள். சாவி அவள் கையில். தை பிறந்துவிட்டால் போதும், அப்புறம் யார் நினைத்தாலும் திறக்க வராது. தை பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான். அதை நினைக்கும்போது பயமாக இருந்தது. பொறுக்க முடியாத பயம் இல்லை, டிவி பார்த்துக்கொண்டே படக்கூடிய பயம்.

தாடிக்காரன் திரும்பி வருவதற்குள் நடுவில் ஒரு துண்டு வேறு காட்டுவார்கள், பெரிய மண்டபத்தில் ஜனங்கள் வீட்டுப் பழம்பொருளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள், கோட்டுப் போட்ட ஒருவர் பார்த்துச் சொல்வார். இன்றைக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக்காரி, சின்ன மேசை. பளிச்சென்று இருந்தது. கோட்டுக்காரர் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதை யாரம்மா இழைத்து மெருகு போட்டது?" "என் கணவர்தான், ஆசையாகச் செய்தார்." "ஐயோ, அந்தப் பழைய கருப்பு அப்படியே இருந்திருந்தால் இதன் மதிப்பே வேறு. அழுக்கு என்று நினைத்து இதன் ஆயுசையே சுரண்டி எடுத்துவிட்டாரே." தங்கபுஷ்பம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேட்டுக்கோ! ஒருத்தன் துருவை எடு என்கிறான், ஒருத்தன் எடுக்காதே என்கிறான், ரெண்டும் ஒரே நிகழ்ச்சியில். சில சாமான் அப்படியே இருந்தால்தான் மதிப்பு. படிந்தது படிந்ததாகவே இருக்கட்டும், யார் சுரண்டச் சொன்னது? கோட்டுப் போட்ட பெரிய மனுஷனே சொல்லிவிட்டான். அவளுக்கு மனசு லேசானது மாதிரி இருந்தது. கூடவே, எவனோ ஊர் பேர் தெரியாதவன் மேசைக்குச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோமே என்று சீ என்றும் இருந்தது. அந்த மூக்குக்கண்ணாடிக்காரி மேசையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போகிறாள். வீட்டில் புருஷனிடம் போய் என்ன சொல்வாள்? சொல்ல மாட்டாள். நன்றாக இருக்கிறது என்றார்கள் என்பாள்.

"ங்ஆ," என்றார் லிங்கதுரை. தராசு திரும்பி வந்துவிட்டது, தண்டு தனியே, தட்டு தனியே, எல்லாம் வெள்ளி மாதிரி. "ங்ஆ... ங்ஆ." இடது கையால் நாற்காலிச் சட்டத்தைத் தட்டினார். "ஆமாமா, தராசுதான். நம்ம கடையில இருந்ததப் போலத்தான் இருக்கு, பாக்கேன், பாக்கேன்," என்றாள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். பச்சை வண்ணம் அடிக்கப் போகிறானா, கருப்பா? பச்சையாம். மறுபடி தட்டினார், பலமாக. "பொறுங்க, பெயிண்டு அடிக்கான். அவசரப்பட்டா ஒழுகிரும்லா." சத்தம் கேட்கவில்லை என்கிறாரோ என்று ரிமோட்டை எடுத்துக் குரலைக் கூட்டிவைத்தாள். அவர் கை வந்து அவள் முந்தானையைப் பிடித்தது, பிடித்து இழுத்தது. அவளுக்கு உள்ளுக்குள் என்னவோ இளகிற்று. எந்த வயசில் என்ன பாசம் பாருங்கள். அந்தக் கையின்மேல் தன் கையை வைத்து, விரல்களை நீவிவிட்டுக்கொண்டே பார்த்தாள். தாடிக்காரன் மூச்சை அடக்கிக்கொண்டு தூரிகையை ஒரே இழுப்பாக இழுத்தான். எண்களுக்குச் சிவப்பு. கை அவள் கைக்குள் துடித்தது. நடுங்குகிறதாக்கும், நடுங்குவதுதானே. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அடுத்த விளம்பரத்துக்குத்தான் திரும்பினாள். அவர் முகம் பூராவும் நனைந்திருந்தது. கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஒழுகி, சட்டைக் காலர் நனைந்து, வாய் திறந்து திறந்து மூடியது. அவர் டிவியைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

வலது கால் பெருவிரலிலிருந்து கணுக்காலைத் தாண்டி, வேட்டிக்குள் போய், சிவப்பாக ஒரு கோடு. முதலில் ரத்தம் என்று நினைத்தாள். ரத்தம் அசையுமா? எறும்பு. கருப்பட்டிக்கு வந்தவை. சுவரோரத்து ஓட்டையிலிருந்து தரையைக் கடந்து, அவர் காலை ஒரு வழியாக்கி, மொய்மொய்யென்று மொய்த்துக்கொண்டிருந்தன. விரலிடுக்கில் ஏற்கெனவே புண்ணாகியிருந்த இடத்தில் குவியலாக. செத்த கால், அதற்கு வலி தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள், யாரும் சொல்லவில்லை, அவளாக நினைத்துக்கொண்டது. "ஐயோ, ஐயோ, என்னப் பெத்த தாயே!" வெறுங்கையால் தட்டினாள், வேட்டியை உருவி எறிந்தாள், தொடை வரைக்கும் இருந்தது. வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். துடைத்தாள். தேங்காயெண்ணெய் தடவினாள். தடித்துத் தடித்துக் கிடந்தது கால். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்? பார்த்துக்கொண்டு, தட்டிக்கொண்டு, சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. இவள் பாசம் என்றாள். கையைப் பிடித்து அழுத்திக்கொண்டாள், தப்பிக்கக்கூட விடாமல். அவளுக்கு அழுகை வரவில்லை. பின்னால் டிவி பாட்டுக்கு ஓடியது, தராசைத் துணி போட்டு மூடிவைத்திருக்கிறார்கள், உரிமையாளர் வருகிறார், துணியை எடுக்கப் போகிறார்கள். அந்தத் தராசு என்னைப் பழையபடி ஆக்கு என்று கேட்டதா? அந்த மேசை என்னைச் சுரண்டாதே என்று சொல்லிற்றா? அதுகளுக்கு வாய் கிடையாது, அதனால் இவர்கள் இஷ்டத்துக்குச் செய்கிறார்கள். இவர் கேட்டார். கையை நீட்டிக் கேட்டார். அவரை வைத்துக்கொண்டு எதை எடுக்கலாம் எதை விடலாம் என்று அவள் நாலைந்து மாதமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் மோசமான மனுஷர்தான், வாய் கெட்ட மனுஷர்தான். அதற்காக எறும்பு தின்னும்போது எறும்பு என்று சொல்லக்கூட ஒரு சொல் இல்லாமலா?

டிவியை அணைத்தாள். துணியை எடுப்பதற்குள் அணைத்துவிட்டாள், அவர்கள் எடுத்தால் எடுக்கட்டும். வேறு வேட்டி சுற்றிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் முட்டியும் தன் முட்டியும் இடிக்க எதிரே உட்கார்ந்தாள். "இங்க பாருங்க." பார்த்தார். வெட்கமாக இருந்தது, யார் முன்னாலோ சேலையை அவிழ்க்கச் சொன்ன மாதிரி. "சவத்து..." என்று சொல்லி நிறுத்தினாள். அவர் விழித்தார். பிறகு புரிந்தது, முகம் கோணிப் போயிற்று. தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. இடது கையைத் தூக்கி, வேண்டாம் வேண்டாம் என்று விரித்துக் காட்டினார். "வேண்டாமா? இத்தன வருஷம் வேணும்னுதான வச்சிருந்திய? சொல்லுங்க. சவத்து..." அவர் இழுக்கிற மாதிரியே இழுத்தாள், அதே நீளம். அந்த வார்த்தை இத்தனை வருஷத்தில் அவள் வாய்க்கு வந்ததே இல்லை. நாக்கில் புளித்த மோர் மாதிரி ஒரு ருசி இருந்தது, நன்றாகவே இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதட்டைப் பல்லால் கடித்துப் பூட்டிக்கொண்டார். அவள் மோவாயைப் பிடித்து முகத்தைத் திருப்பினாள். பஜாரே திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னாள். "சவத்து..."

"மூதி."

உதட்டைப் பிளந்துகொண்டு அதுவாக வந்து விழுந்தது, கரகரவென்று, பழைய குரல், அதே குரல். அவர் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்கு மேலே கண்கள் அவளையே பார்த்தன, பயந்துபோய். அவளுக்கு வயிறு ஒரு பிடி பிடித்தது. ஆடிக்கப்புறம் வராத வலி, வழி மறக்காமல், பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. குனிந்து பல்லைக் கடித்தாள். அது தணிகிற வரைக்கும் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவர் கையை வாயிலிருந்து மெள்ள எடுத்து, கடைவாயில் ஒழுகியதை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"வந்துட்டுல்லா," என்றாள். "ம். இன்னொருக்கச் சொல்லுங்க."